என்னிடம் மட்டும் கேட்காத தண்ணீர்

நான் இந்த மாதிரிக் கதைகளை நம்புகிற ஆள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடமாகச் சாய்ந்தமருதில் கார் வயரிங் வேலை செய்கிறேன், கல்முனையிலிருந்து அட்டாளைச்சேனை வரைக்கும் என்னை வயரிங் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பிழை என்றால் அது மீற்றரில் காட்ட வேண்டும், மீற்றரில் காட்டாதது பிழையே இல்லை, இதுதான் என் கொள்கை. வண்டிக்குக் கண் பட்டுவிட்டது பாஸ் என்று ஓதின நூலைக் கண்ணாடியில் கட்டிக்கொண்டு வருகிறவர்களிடம், நூல் இருக்கட்டும், முதலில் பெட்டறி வாயில் பூத்திருக்கிறதைச் சுரண்டுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். கண்ணூறு மார்க்கத்தில் உள்ளதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது மனுசருக்கு, மாட்டுக்கு, மிஞ்சினால் கதிர் வந்த வயலுக்கு. வயருக்குள் ஓடுகிற கரண்டுக்குக் கண் படும் என்று யாராவது சொல்லியிருந்தால், இப்போது நீங்கள் சிரிக்கிற மாதிரித்தான் நானும் சிரித்திருப்பேன்.

சிரியுங்கள், பரவாயில்லை. இதை நான் இதுவரை யாருக்கும் முழுதாகச் சொல்லவில்லை, ஏனென்றால் இதைச் சொல்வதென்றால் என் வண்டவாளத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

றிஸ்வான் என் சகலன், என் மனைவி நஸீறாவின் தங்கை றமீஸாவைக் கலியாணம் முடித்தவன். எங்கள் பக்கத்தில் ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும், பெண்பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது வாப்பாமாரின் கடமை. அப்படி எங்கள் மாமா மௌத்தாகிக் கண்ணை மூடுவதற்கு முதல் ஒரே வளவுக்குள் இரண்டு மகள்மாருக்கும் இரண்டு வீடு கட்டினார். முன்னுக்கு இருக்கிற ஓட்டு வீடு எனக்கு. பத்து வருடம் கழித்துப் பின்னுக்கு எழும்பின மாடி வீடு அவனுக்கு. கேற்று ஒன்றுதான். காலையில் பல் விளக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றால் என் கண்ணில் முதலில் படுவது அவனுடைய மாடிதான்.

எனக்கு அவன் மேல் பொறாமை. மறைத்து என்ன செய்ய, வயிறு எரிகிற பொறாமை. கட்டாரில் ஏழு வருடம் வேலை செய்துவிட்டு வந்தவன், மெயின் ரோட்டில் என் கடைக்கு நேர் எதிரே கண்ணாடிக் கதவு போட்டு ஒரு வேர்க்‌ஷொப் திறந்தான். உள்ளே ஏசி, மேசையில் கம்பியூட்டர், காருக்குச் செருகிப் பார்க்கிற ஸ்கேனர். என்னை பாஸ் என்று கூப்பிட்டவர்கள் அவனை சேர் என்று கூப்பிட்டார்கள். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். அவனோ கடை திறப்பதற்கு முதல் நாள் என்னிடம் வந்து, வயரிங் வேலை வந்தால் எல்லாம் காக்காவுக்குத்தான் அனுப்புவேன் என்று சொன்னான், காக்கா என்றால் எங்களில் அண்ணன், சொன்னபடியே அனுப்பவும் செய்தான். அவன் அனுப்பின வேலையைச் செய்துகொண்டே அவனை நினைத்து எரிந்துகொண்டிருந்தேன், பாருங்கள் என் நிலைமையை.

எனக்கு மூன்று மகள்மார். மூன்று பெண் என்றால் மூன்று வீடு, அந்த நினைப்பு வந்தால் சாப்பாடு இறங்காது. றிஸ்வானுக்கும் றமீஸாவுக்கும் ஒன்பது வருடமாகப் பிள்ளை இல்லை, இரண்டு தரம் தங்கி இரண்டு தரமும் ஏழாம் மாதத்துக்குள் கலைந்துபோனது. அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும், அவனுடைய வாழ்க்கையில் அந்த ஒரு பக்கத்தைப் பார்க்கும்போதுதான் என் வயிறு கொஞ்சம் குளிரும். மூன்றாவது தரம் றமீஸாவுக்கு எட்டு மாதம் தாண்டியது. ஒரு நாள் நஸீறா ஓடி வந்து, ஆம்பிளைப் பிள்ளை என்று டொக்டர் சொல்லிவிட்டாராம் என்று கண் கலங்கிச் சொன்னாள். நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன், வாயால். மனசுக்குள்ளே, இவனுக்கு வீடு கட்டுகிற பாரமும் இல்லை என்று ஓடியது.

றமீஸாவைக் குலுக்காமல் கொண்டுபோக வேண்டும், வலி வந்தால் ஒரு நிமிஷமும் சுணங்கக்கூடாது என்று டொக்டர் சொன்னதால் அவன் ஒரு கார் வாங்கினான். சின்ன ஜப்பான் கார், பாவித்ததுதான், ஆனால் வெள்ளை வெளேரென்று இருந்தது. முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினபோது எல்லோரும் வெளியே வந்தோம். நல்ல ஒன்றைக் கண்டால் மாஷா அல்லாஹ் என்பது எங்களுக்குத் தானாக வருகிற வார்த்தை, அதைச் சொல்லிவிட்டால் பார்த்தவன் கண் அதில் தங்காது. நஸீறா சொன்னாள், அவளுடைய உம்மா, மாமி சொன்னா, பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார். நான் டயர் கொஞ்சம் தேய்ந்திருக்கிறதே என்றேன்.

ஒரு கிழமை போகவில்லை, கார் நிற்கத் தொடங்கியது. முற்றத்தில் ஸ்டார்ட் பண்ணினால் நல்லாக ஓடும், கேற்றுக்கு வரும்போது பொத்தென்று நிற்கும். பிறகு அரை மணித்தியாலம் எழும்பாது. தன் வேர்க்‌ஷொப்பின் பின்கொட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போனால் அங்கே ஒரு பிழையும் காட்டாமல் நாள் முழுக்க ஓடும். றிஸ்வான் ஒவ்வொரு சென்சராக மாற்றினான், பெற்றோல் பம்பை மாற்றினான், ஒன்றும் சரிவரவில்லை. ஊருக்கெல்லாம் கார் பார்க்கிறவனின் சொந்தக் கார் கேற்றடியில் நிற்கிறது என்று ரோட்டில் கதை பரவியது, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பிளேன்டீ குடித்த மாதிரி இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவன் என் கடை வாசலில் வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“காக்கா, ஸ்கேனருக்கு ஒண்டும் புடிபடுதில்ல. றமீஸாக்கு நாள் கிட்டிட்டு. ஒருக்கா வந்து மீற்றரப் புடிச்சுப் பாருங்களன்.”

அன்றைக்கு நான் அவன் வீட்டு முற்றத்துக்கு நடந்த நடை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, நெஞ்சு அவ்வளவு நிமிர்ந்திருந்தது. கார் அப்போது செத்துப்போய்த்தான் நின்றது. பெட்டறி பார்த்தேன், பியூஸ், ரிலே பார்த்தேன், எர்த் வயர்களைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டினேன். எஞ்சினை ஆளுகிற கம்பியூட்டர் பெட்டிக்குள் பன்னிரண்டு வோல்ட் ஒழுங்காகப் போகிறது. ஆனால் அந்தப் பெட்டி சென்சர்களுக்கு ஒரு ஐந்து வோல்ட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும், அது இல்லாவிட்டால் எஞ்சினுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. அந்த ஐந்து வோல்ட் பூச்சியமாக இருந்தது. ஏதாவது ஒரு சென்சர் பழுதாகி அதை இழுத்து விழுத்தலாம், அதனால் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், எல்லாவற்றையும் கழற்றின பிறகும் பூச்சியம். அப்படியென்றால் பிழை பெட்டிக்குள்தான். பெட்டி போய்விட்டது தம்பி என்று அவனிடம் சொன்னபோது என் குரலில் இருந்த சந்தோஷத்தை அவன் கவனித்தானோ தெரியாது.

அவன் கொழும்பிலிருந்து அதே இலக்கப் பெட்டி ஒன்றை எடுப்பித்தான். வியாழக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்து பூட்டினோம். வேறு காரிலிருந்து கழற்றின பெட்டி, அதற்கு இந்தக் காரின் திறப்பை, அதுதான் சாவியை, தெரியாது, திறப்பைத் தெரியாவிட்டால் எஞ்சினை எழும்ப விடாது. றிஸ்வான் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் லெப்டொப்பை வைத்து, பழைய பெட்டியின் ஞாபகத்தை எடுத்துப் புதுப் பெட்டிக்குள் எழுதினான். எனக்கு அந்த வேலை தெரியாது. பிழையைக் கண்டுபிடித்தது நான், ஆனால் எல்லோரும் அவனுடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திறப்பைத் திருப்பினான், ஒரே அடியில் எழும்பியது. நான் பொனட்டுக்கு முன்னால் நின்றேன், என் மீற்றரின் இரண்டு கிளிப்பும் அந்த ஐந்து வோல்ட் வயரில்தான் கொளுவியிருந்தன. ஐந்து, அசையாமல் நின்றது. அப்போது மாமி பின்னாலிருந்து, எங்கட றிஸ்வானுக்குத் தெரியாத வேலையே இல்லை என்றா. என் வயிற்றில் அந்த எரிச்சல் எழும்பியது, அது எனக்குப் பழகினதுதான். மீற்றரில் ஐந்து நாலரை ஆனது. மூன்று ஆனது. தொட்டியின் அடியில் ஓட்டை விழுந்து தண்ணீர் வடிகிற மாதிரி இறங்கி இறங்கிப் பூச்சியத்துக்கு வந்தது, எஞ்சின் நின்றது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள், இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிழை அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை. வயர் பிழை என்றால் வெட்டி வெட்டிக் காட்டும், சூட்டுப் பிழை என்றால் நேரம் எடுக்கும்.

பியூஸ் எடுத்துவருகிறேன் என்று கடைக்குப் போனேன். போகும்போதே பின்னால் எஞ்சின் எழும்புகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது நல்லாக ஓடிக்கொண்டிருந்தது, மீற்றரில் ஐந்து. நான் நிமிர்ந்து மாடியைப் பார்த்தேன், மேலே பிள்ளைக்கென்று புதுத் தொட்டில் துணி காய்ந்துகொண்டிருந்தது. இவனுக்கு எல்லாமே என்று நினைத்தேன். பூச்சியம். எஞ்சின் நின்றது.

மூன்றாவது தரம் நான் வேண்டுமென்றே செய்தேன். என் கடைசி மகள் குர்ஆன் ஓதுகிற குரலை நினைத்துக்கொண்டேன், மீற்றர் மெதுவாக ஏறி ஐந்தில் நின்றது. பிறகு ஆம்பிளைப் பிள்ளை என்ற ஒரு வார்த்தையை மட்டும் மனதுக்குள் சொன்னேன். இறங்கியது. மீற்றருக்குப் பெட்டறி குறைந்துபோய்விட்டது, தம்பி, நாளைக்குப் பார்ப்போம் என்று பொய் சொல்லிக் கிளிப்பைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிரவு நான் நஸீறாவின் முகத்தையும் பார்க்கவில்லை.

இது கண்ணூறுதான் என்று மாமி முடிவு கட்டிவிட்டா. அதற்கு எங்களில் ஒரு முறை இருக்கிறது. யார் கண் பட்டதோ அவர் வுழூச் செய்ய வேண்டும், அதுதான் தொழுகைக்கு முதல் முகம், கை, கால் கழுவுவது. அந்தக் கழுவின தண்ணீரைப் பிடித்துக் கண் பட்டதன் மேல் ஊற்றினால் கண் இறங்கும். ஆனால் உன் கண்தான் என்று யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? அதனால் மாமி வெள்ளிக்கிழமை காலையில் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை முழுக்கப் போனா, காரைப் பார்த்த எல்லோரிடமும் கேட்டா, ஒருவர் மனமும் நோகாமல். எல்லோரும் சிரித்துக்கொண்டே கழுவிக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தரம் கழுவிக் கொடுத்தார்.

வாளியோடு எங்கள் வாசலுக்கு வந்தபோது நான் எழும்பிச் சட்டைக் கையை மடித்தேன்.

“நீங்க எதுக்கு மகன்? நீங்க வீட்டு ஆள். ஒங்கட கண்ணு எங்களுக்குப் படுமா?” என்று சொல்லிவிட்டு மாமி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா.

நான் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன். இல்லை மாமி, என்னுடையதைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய கேவலம் அந்த வாய் மூடல்தான். தண்ணீரைக் காரைச் சுற்றி ஊற்றினார்கள், கார் ஓடியது, நான் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன், நின்றது.

அன்றைக்கு ஜும்ஆ. உங்களுக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் எங்கள் ஊர்களில் ரோட்டில் ஒரு ஆட்டோவும் கிடைக்காது, கடை கண்ணியெல்லாம் பூட்டு, ஆம்பிளைகள் எல்லாரும் பள்ளிவாசலுக்குள். நானும் தொப்பியோடு இறங்கும்போது பின்வீட்டிலிருந்து றமீஸாவின் சத்தம் கேட்டது. சாதாரண வலி இல்லை, தண்ணீர்க்குடமும் உடைந்துவிட்டது. மாமியும் நஸீறாவும் அவளைத் தாங்கிக்கொண்டு வந்து காரின் பின்சீற்றில் படுக்க வைத்தார்கள். றிஸ்வான் திறப்பைத் திருப்பினான், திருப்பினான், எஞ்சின் எழும்பவில்லை. வாடகை வான்காரர்களுக்குப் போன் அடித்தான், எல்லா போனும் பள்ளிக்குள் அணைந்து கிடந்தது. பள்ளிக்கு ஓடி யாரையாவது கூட்டி வரலாம்தான், ஆனால் றமீஸாவின் முகம் போன போக்கைப் பார்த்தால் அதற்கு நேரம் இருக்கிற மாதிரித் தெரியவில்லை. இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவன் அவன். ஸ்டீயரிங்கில் தலையை வைத்து யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தப் பிள்ளையை நினைத்துத்தானே எனக்கு வயிறு எரிந்தது. தொப்பியைக் கழற்றி வைத்தேன், குசினியிலிருந்து பேசினை எடுத்துக்கொண்டு வந்து, முற்றத்துப் பைப்படியில், எல்லோருக்கும் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். பேசினுக்குள் ஒரு சொட்டும் வெளியே போகாமல் வாய் கொப்பளித்து, முகம் கழுவி, முழங்கை வரை கழுவி, கால் கழுவினேன்.

நஸீறாதான் முதலில் கண்டாள். “இந்த நேரத்தில என்ன செய்யிறீங்க?”

“மாமி கேக்காத தண்ணி,” என்றேன்.

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. றிஸ்வான் காரை விட்டு இறங்கி வந்து என் முகத்தை ஒருதரம் பார்த்தான். பிறகு பேசினை இரண்டு கையாலும் வாங்கினான், வாங்கும்போது அவன் விரல் என் விரலில் பட்டது. தண்ணீரை அந்தப் பெட்டி மேல் ஊற்றினால் பெட்டி போய்விடும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவன் தன் ஜும்ஆச் சால்வையை அதில் நனைத்துப் பிழிந்து, பெட்டியின் மூடியைக் குழந்தைக்குத் துடைக்கிற மாதிரித் துடைத்தான். மிச்சத்தைப் பொனட்டை மூடிவிட்டு அதன் மேலால் ஊற்றினான்.

எஞ்சின் எழும்பியது. நான் ஒதுங்கி நின்றேன், அவன் முன்கதவைத் திறந்து பிடித்தான்.

“ஏறுங்க காக்கா.”

“நான் வந்தா நிண்டுரும் தம்பி.”

“நிண்டா யாரு பாக்கிற? ஏறுங்க.”

ஆஸ்பத்திரி வரும் வரைக்கும் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டே போனேன். பின்னால் றமீஸா வலியில் கத்துகிறாள், முன்னால் நான் குருடன் மாதிரி இருந்து ஓதுகிறேன். வெறுமையான ரோட்டில் கார் ஒரு இருமல் கூட இல்லாமல் ஓடியது. ஜும்ஆ முடிகிற நேரத்துக்குப் பிள்ளை பிறந்துவிட்டான், தாயும் பிள்ளையும் சுகம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது என்று டொக்டர் சொன்னாராம்.

அதற்குப் பிறகு அந்தக் கார் ஒரு நாளும் நின்றதில்லை. பேசினைப் பற்றி றிஸ்வான் இதுவரை ஒரு வார்த்தை கதைக்கவில்லை, மாமியும் இல்லை. ஏதோ ஒரு ஈய ஒட்டு விட்டுவிட்டுப் பிடித்திருக்கும், எர்த் எங்கேயாவது தளர்ந்திருக்கும் என்று நீங்கள் சொல்லலாம், நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அதை நிரூபிக்கத்தான் ஒரு நாள் அந்தப் பழைய பெட்டியை என் கடை மேசையில் வைத்துப் பன்னிரண்டு வோல்ட் கொடுத்தேன். செத்தது என்று நானே தீர்ப்புச் சொன்ன பெட்டி, ஐந்து வோல்ட்டைச் சுத்தமாகக் கொடுத்தது. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் மூன்று கார் வரிசையில் நிற்பதைப் பார்த்தேன். இறங்கியது.

அன்றிலிருந்து அது மேசையிலேயே இருக்கிறது, மீற்றரும் கொளுவினபடி. வேலைக்கு வைத்திருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பின்வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குவதற்கு முதல் கடைக்கு வந்து பார்ப்பேன். ஐந்து நின்றால் போவேன். நிற்காவிட்டால் வேலை கிடக்கிறது என்பேன். முதல் வருடம் நிறைய வேலை கிடந்தது. பிறகு பிறகு, வல்லாஹி, குறைந்தது. பிள்ளை நடக்கத் தொடங்கின பிறகு ஐந்து இறங்கின நாளே இல்லை. எனக்கு அவன் மேல் அப்படி ஒரு பிரியம் வந்துவிட்டது, அவனுக்கும் என்னிடம்.

போன செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும், றிஸ்வான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து என் கடைக்கு வந்தான். பெரியப்பா என்று தாவி என் மடியில் ஏறின பிள்ளை, வாப்பா கையை நீட்டினபோது போகமாட்டேன் என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். எனக்குச் சிரிப்பும் சந்தோஷமுமாக இருந்தது. அந்த நேரம் என் மனதில் ஒரு துளி கசப்பு இல்லை, அதற்கு நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். தற்செயலாக மேசையைப் பார்த்தேன். நாலு, மூன்று, ஒன்று, பூச்சியம்.

நிமிர்ந்தேன். றிஸ்வான் வாசலில் நீட்டின கையோடு நின்றான். முகத்தில் சிரிப்பு இருந்தது.

“என்னட்ட இப்படி ஒரு நாளும் ஒட்டினதில்ல காக்கா,” என்றான். அவ்வளவுதான் சொன்னான். மாஷா அல்லாஹ் என்று சேர்க்கவில்லை.

அன்று பின்னேரமே நான் கழுவின தண்ணீரைக் கொண்டுபோய், விளையாட்டுக் காட்டுகிற மாதிரிப் பிள்ளையின் காலில் ஊற்றிவிட்டு வந்தேன். பெட்டி அசையவில்லை. அடுத்த நாளும் ஊற்றினேன், அசையவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, நல்லாக விளையாடுகிறான், ஆனால் இரண்டு நாளாகச் சாப்பாடு மட்டும் குறைவாம். அவனுடைய வாப்பாவிடம் போய், தம்பி, உன் கையைக் கழுவிக் கொஞ்சம் தண்ணீர் தா என்று கேட்க வேண்டும். அன்றைக்கு அவன் என்னிடம் கேட்கவே இல்லை, அதனால் எனக்கும் வாய் வருகுதில்லை. பேசினைக் கடையில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். நேற்று அவன் தேத்தண்ணி குடிக்க வந்தவன் அதைப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் குடித்துவிட்டுப் போனான். இங்கே வருவதற்கு முதல் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் கடையைப் பூட்டினேன், இன்னும் பூச்சியம்தான்.